கட்டையில் எழும் மலை

பிளாக்லேண்ட் விளையாட்டில் ஒரு காலத்தில் படுக்கையறை, சமையலறை, மேடுபள்ளமான வெளி என்று ஆயத்தக் களங்கள் இருந்தன. 21ஆம் பதிப்பில் நிழலும் புதிய ஒளியமைப்பும் வந்தபோது அவை எடுக்கப்பட்டு, வெற்றுச் சமதரை மட்டும் மிஞ்சியது. குன்றோ ஓடையோ வேண்டுமென்றால் குமிழ் வைத்த பொம்மைக் கட்டைகளை அடுக்கித்தான் எழுப்ப வேண்டும் என்ற அந்த நிலை ஒரு தனிக் கலையை வளர்த்தது. பிரிக்கேடியா என்ற இன்னொரு கட்டை விளையாட்டிலும் அது தொடர்கிறது. இக்கலையில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் உழைப்பில் பெரும்பங்கு தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் கணிப்பு. கட்டையை மறைத்துவிட்டால் இயற்கை வந்துவிடும் என்று நம்பி, மேலும் மேலும் சிறிய துண்டுகளைத் தேடுகிறார்கள். ஒரு நிலம் ஏன் அப்படி ஆனது என்ற காரணம் அதன் வடிவிலேயே தெரியும்போதுதான் அது இயற்கையாகத் தோன்றுகிறது. துண்டின் அளவு அதற்கு அடுத்தபடிதான்.

கட்டையின் கணக்கே இதற்குச் சான்று. லெகோ அளவில் குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. இடைவெளி, மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. இவ்விளையாட்டுகளும் அதே விகிதத்தில்தான் இயங்குகின்றன. குமிழுக்கு ஒரு தட்டு வீதம் ஏறினால் சரிவு சுமார் 22 பாகை, இரண்டு தட்டானால் 39. இரண்டே பாகைச் சரிவுள்ள மேய்ச்சல் வெளிக்கு ஏறக்குறைய 11 குமிழ்களுக்கு ஒரு படி. ஒவ்வொரு படியின் நிழலும் கோடாக விழ, புல்வெளி சமவுயரக் கோட்டு வரைபடமாகிவிடுகிறது. பாறையில் கதை வேறு. கிராண்ட் கேன்யனில் கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் செங்குத்தாக நிற்கின்றன. நடுவே மென்மையான களிப்பாறை சரிந்து கரைகிறது. தக்காணத்தின் எரிமலைப் பாறைக் குன்றுகளும் அடுக்கடுக்காகத்தான் எழுகின்றன. அங்கே படி என்பது கட்டையின் குறையாகத் தெரியாது, நிலத்தின் வரலாறாகத் தெரியும். அடுக்குக்கு ஒரு நிறம், கெட்டிப்பாறைக்கு நேர்ச்சுவர், அதன் காலடியில் உதிர்ந்த கற்குவியல் என்று வைத்தால் பெரிய கட்டைகளே போதும். அந்தக் குவியலுக்கு 33 பாகைச் சரிவுக்கட்டை அருமையாகப் பொருந்தும், உலர்ந்த மணல் சரியாமல் நிற்கும் கோணமும் ஏறத்தாழ 34 பாகைதான் என்பதால். 45 பாகைச் சரிவில் பாறை நிற்கும், உதிரி மண் நிற்காது. மலை முழுவதையும் 45 பாகைக் கட்டையால் போர்த்திப் பச்சை பூசும் பழக்கம் கண்ணை உறுத்துவதற்குக் காரணம் இதுவே.

உண்மையான உயரத் தரவைக் கணினியே கட்டைகளாக மாற்றித் தரும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பரந்த மலைத்தொடரை ஒரே மூச்சில் எழுப்ப அதைவிட நல்ல வழியில்லை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிளாக்லேண்டின் உச்சவரம்பு 2,56,000 கட்டைகள். ஒற்றைக் குமிழ்க் கட்டைகளாகப் பரப்பினால் சுமார் 506க்கு 506 குமிழ்ச் சதுரத்திலேயே அது தீர்ந்துபோகும். கட்டையை மிச்சப்படுத்தக் கட்டத்தைப் பெரிதாக்கினால், முதலில் மறைவது மலையைச் செதுக்கிய சிற்றோடைதான். தரவுக்குப் பதில் கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட, சீரற்ற ஏற்றஇறக்கங்களை உருவாக்கும் இரைச்சல் (noise) முறையைக் கையாண்டால் மேடும் பள்ளமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த முறைக்கு நீர் தெரியாது. வடிகால் இல்லாத குழிகளும், ஒன்றோடொன்று சேராத பள்ளத்தாக்குகளும் அதில் இயல்பாகவே வரும். அரிப்பைக் கணக்கிடும் நிரல் இதைத் திருத்தும்தான். ஆனால் கட்டையாக மாறும்போது ஓடை மறுபடி தொலைகிறது. கையால் அதைத் திரும்ப வெட்டித்தான் ஆகவேண்டும்.

ஓடிப் பிடித்துச் சண்டையிடும் களத்துக்குப் புவியியல் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. பந்தயப் பாதைக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு அது தேவையில்லைதான். ஆயத்தத் துண்டுகளே போதும். சுற்றித் திரியும் உலகங்களில் அப்படியல்ல. பள்ளத்தாக்கு கீழிறங்கும் திசையில் ஆறு இருக்கும், கற்குவியல் கிடக்கும் இடத்தில் சுவர் ஏறத் தோதாக இடிந்திருக்கும் என்று ஆட்டக்காரர் தானே ஊகிக்கிறார். அந்த ஊகம் பலிக்கும் நிலத்தில் வழிகாட்டிப் பலகையே வேண்டியதில்லை. சாம்பல் நிறங்களைக் கண்டபடி தெளித்த பாறையில் ஊகிக்க ஒன்றுமில்லை. அதே நிறங்களை நீர் வழியும் கோடுகளில் பூசியிருந்தால் மேலே ஊற்று இருப்பது தெரிந்திருக்கும். இக்கலை இன்னும் வெல்லாதது சமவெளியை. புதரும் வேலியும் நட்டுப் படிகளை மறைப்பது தற்காலிகத் தீர்வு. பழைய ஆற்றுக்கரைகள் மேடைகளாக எஞ்சும் இடங்களில் சமவெளிக்கும் உண்மையான படிகள் உண்டு. அந்த விளிம்புகளில் படிகளை ஒன்றுசேர்த்து, நடுவெளியை முற்றிலும் தட்டையாக விடுவதே கட்டைக்கும் நிலத்துக்கும் பொருந்தும் வழி.