வலை விழும் வரை

ஸ்டாக் கார் பந்தயத்துக்குப் போகிறவர்கள் விபத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு பழைய ஏச்சு உண்டு. அதில் பாதி உண்மை. நாற்பது கார்கள் முட்டிக்கொள்ளாத குறையாக மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எங்கோ ஒன்று தடுமாறும், பின்னால் வரும் பதினைந்து இருபது அதில் போய் விழும். டேடோனா பந்தயத் தடத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அதற்கு ‘பிக் ஒன்’ என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதி எவ்வளவு பொய் என்பது, மோதலுக்குப் பின் அந்தக் கூட்டத்தைக் கவனித்தால் தெரியும்.

மோதும் கணத்தில் அரங்கம் முழுக்க எழுந்து நிற்கும். எல்லோர் வாயிலும் ஒரே சத்தம். தேர்ந்தவர் யார், புதியவர் யார் என்பது அடுத்த சில விநாடிகளில்தான் பிரியும். புதியவர் தீயையே பார்த்துக்கொண்டிருப்பார். தேர்ந்தவரின் கண் ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குப் போய்விட்டிருக்கும். அந்த ஜன்னலில் கண்ணாடி கிடையாது, பட்டை நாடாவால் பின்னிய வலைதான். 1970இல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவர் உடல் ஜன்னல் வழியே வெளியே தொங்கியது. அதன் பிறகு வலை கட்டாயமானது. கையைக் காலை உள்ளே வைப்பதற்காக வந்த அந்த வலைக்கு நாளடைவில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டுமானால் ஓட்டுநர் அதைக் கழற்றி விடுவார். வலை விழுந்ததும் கைதட்டல் கிளம்பும். அரை மணி நேரம் முன்புவரை அதே ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவரும் தட்டுவார். இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த சத்தம் எஞ்சின்களுடையது அல்ல, இதுதான்.

நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது கண்ணை மூடித் தொடையில் கணக்குப் போட்டபடி இருக்கும் மாமாக்களைப் போல, இங்கேயும் பலர் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநரும் அவர் குழுவும் வானொலியில் பேசிக்கொள்வதை ஸ்கேனர் கருவியில் யாரும் கேட்கலாம். அரங்கத்தின் கூரைமேல் நின்று ஓட்டுநருக்கு வழி சொல்லும் ஸ்பாட்டர், கீழே சிக்கியவரை விசாரிப்பதும், பதில் வருகிறதா இல்லையா என்பதும் அறிவிப்பாளருக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இவர்களுக்குத் தெரியும்: பார்க்கப் பயங்கரமாக இருப்பது எப்போதும் கொல்வதில்லை. உருண்டு, பாகங்களை நாலாபக்கமும் உதிர்க்கும் கார் தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறது. சுவரில் மோதிச் சட்டென வேகம் இழப்பதுதான் எமன். 2001 டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியபோது பலருக்கும் அது சாதாரண இடியாகத்தான் பட்டது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் இறந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹான்ஸ் போன்ற கருவி அதே ஆண்டு அக்டோபரில் கட்டாயமானது. அன்றிலிருந்து மூத்த ரசிகர்கள் சின்ன மோதலைக் கண்டால்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

தீயின் கதை வேறு. 1964இல் சார்லட் பந்தயத்தில் தீக்காயம் பட்டு, சில வாரங்கள் போராடி இறந்தவரின் பெயர் ஃபயர்பால் ராபர்ட்ஸ். பேஸ்பாலில் வேகமாகப் பந்து வீசியதால் வந்த பட்டப்பெயர் அது, கொடுமை! அவருடைய சாவுக்குப் பின்தான் எளிதில் தீப்பிடிக்காத உடையும், உள்ளே ரப்பர் பை வைத்த எரிபொருள் கலமும் வழக்கத்துக்கு வந்தன.

வலை விழாத இரவு ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 17. மழையால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திங்களுக்குத் தள்ளிப்போன டேடோனா 500. கடைசிச் சுற்றில் முதலிடத்தில் வந்த ரயன் நியூமனின் காரைப் பின்னாலிருந்து ரயன் பிளேனியின் கார் தள்ள, அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த காரின் ஓட்டுநர் பக்கத்தில் இன்னொரு கார் வந்து இடித்தது. தீப்பொறி பறக்கத் தலைகீழாகச் சறுக்கியபடியே எல்லைக்கோட்டைத் தாண்டி ஒன்பதாம் இடம் பெற்றார் நியூமன். 0.014 விநாடியில் வென்ற டெனி ஹாம்லினின் குழு, நிலைமை தெரியாமல் கொண்டாடிவிட்டுப் பிறகு வருந்த நேர்ந்தது. மீட்புப் பணியாளர்கள் காரைச் சுற்றிக் கறுப்புத் திரை பிடித்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்ற செய்தி வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. புதன்கிழமை தன் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே மருத்துவமனையை விட்டு வந்தார். கூரை நசுங்காமலிருக்கக் கார்களில் கூடுதலாக ஒரு கம்பியை ஏற்கனவே சேர்த்திருந்தார்கள். அதற்கு ‘நியூமன் பார்’ என்றே பெயர், முன்பு டல்லடேகா தடத்தில் கவிழ்ந்து அதற்குக் காரணமாயிருந்தவர் அவர்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2012க்குப் போனால்தான் அன்றைய சிரிப்பு புரியும். அதுவும் மழையால் திங்களுக்குத் தள்ளப்பட்ட டேடோனா 500தான். வரலாற்றில் முதல்முறையாக அப்படி ஆனது. 160ஆவது சுற்று, மஞ்சள் கொடியின் கீழ் கார்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. ஹுவான் பாப்லோ மொன்டோயா, ஃபார்முலா ஒன்னில் மொனாகோவை வென்றவர், கூட்டத்தைப் பிடிக்கத் தனியாக விரைந்து வந்தார். காரின் பின்பகுதியில் ஏதோ உடைந்தது. கார் நேரே சறுக்கிப்போய், தடத்தை உலர்த்தும் ஜெட் எஞ்சின் வண்டியில் மோதியது. வண்டியில் 200 கேலன் ஜெட் எரிபொருள். 31 டிகிரி சாய்ந்த தடத்தில் அது ஒழுக ஒழுக, பின்னாலேயே தீ ஓடியது. யாராலும் கற்பனை செய்ய முடியாத விபத்து: எதிரி கார் இல்லை, போட்டி இல்லை, மோதியதோ தடம் உலர்த்தும் வண்டியில்.

மொன்டோயா வெளியே வந்தார். வண்டி ஓட்டுநரும் தப்பினார். அது உறுதியானதும் கூட்டம் நையாண்டிக்குத் தாவியது. பந்தயத்தை நிறுத்திவைக்கும் சிவப்புக் கொடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஓட்டுநர்கள் காரை விட்டு இறங்கி அரட்டை அடித்தார்கள். பிராட் கெசலோவ்ஸ்கி காருக்குள் வைத்திருந்த போனை எடுத்துத் தீயைப் படம் பிடித்து ட்விட்டரில் போட, பந்தயம் மறுபடி தொடங்குவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் புதியவர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். (அப்போது பந்தயத்தை நடத்தும் அமைப்பான நாஸ்கார் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஃபீனிக்ஸில் மறுபடி அதையே செய்தபோது 25,000 டாலர் அபராதம்.) அப்போது முன்னணியில் நின்றது ஒரு சின்னக் குழுவின் கார், ஓட்டியவர் டேவ் பிளேனி. எட்டு ஆண்டு கழித்து நியூமனைத் தள்ளிய ரயனின் அப்பா. பந்தயத்தை அங்கேயே நிறுத்தியிருந்தால் கோப்பை அவருக்குத்தான்.

நிறுத்தவில்லை. பணியாளர்கள் துணி துவைக்கும் டைட் சோப்புத்தூளைக் கொட்டித் தடத்தைத் தேய்த்தார்கள். நள்ளிரவு தாண்டி முடிந்த அந்தப் பந்தயத்தை வென்றவர் மாட் கென்செத். ரசிகர்களிடம் 2012 என்று சொல்லிப் பாருங்கள், முதலில் சோப்புத்தூளைத்தான் பேசுவார்கள்.