மேற்கோட்குறியும் சொற்செயலியும் – பதிப்பு நோக்கில் ஒரு குறிப்பு

மேற்கோட்குறியை அச்சலங்காரமாகக் கருதி, அதில் நேரும் பிழைகளைத் தட்டச்சாளர் தலையிற் சுமத்திவிடும் மனப்பான்மை நம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. ஆயின் ஒரு கூற்று யாருடையது, அதற்குப் பொறுப்பானவர் யாவர் என்பவற்றின் எல்லையைக் காட்டுவது அக்குறியே. எனவே அதன் சிதைவு பொருளின் சிதைவுமாகும்.

தமிழின் தொடரமைப்பு இதனை மேலும் முக்கியமாக்குகின்றது. ஒருவர் கூற்று முடியுமிடத்தை ‘என’, ‘என்று’ என்னும் சொற்கள் உணர்த்துகின்றன. கூற்றுத் தொடங்குமிடத்தை உணர்த்த அத்தகைய சொல் இல்லை. “சங்கத் தலைவர் நேற்று ஊதியம் வழங்கப்படவில்லை என்று கூறினார்” என்னும் தொடரில் ‘நேற்று’ என்பது தலைவர் கூறிய நாளா, ஊதியம் வழங்கப்படாத நாளா? தொடக்கக் குறி ஒன்றே இதனைத் தீர்க்கவல்லது. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்குறக் கையாண்டமை, இத்தகைய தெளிவை வேண்டிய ஒரு புதிய வாசகர் கூட்டம் உருவானதோடு இணைத்து நோக்கத்தக்கது.

சொற்செயலியிற் பெரிதும் பழுதுறுவதும் இத்தொடக்கக் குறியே. இதன் காரணம் வரலாற்றிலே உள்ளது. தட்டச்சுப் பொறியில் விசைகளைக் குறைக்கும் பொருட்டுத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே நேர்க்குறி வைக்கப்பட்டது. 1963இல் வெளியான ஆஸ்கி நியமமும் அவ்வழியே நின்று, இரட்டைக்குறிக்கு 34, ஒற்றைக்குறிக்கு 39 என ஒவ்வோர் எண்ணையே ஒதுக்கியது. ஒருங்குறியிலோ வளைகுறிகள் நான்கும் 8216, 8217, 8220, 8221 எனத் தனித்தனி எண்கள் பெற்றுள்ளன. விசைப்பலகையில் ஒன்றாயிருப்பதை இரண்டாக்கும் பணியைச் சொற்செயலி ஊகத்தாற் செய்கின்றது. குறிக்கு முன் இடைவெளியோ வரித்தொடக்கமோ இருப்பின் அது தொடக்கக் குறி. எழுத்திருப்பின் முடிவுக் குறி. இதுவே பொதுவிதி. ஆகவே நெடுங்கோட்டை அடுத்துத் தொடங்கும் உரையாடல் பலவேளை முடிவுக்குறியோடு தொடங்கிவிடுகின்றது. முடிவுக்குறிக்கு முன் தவறுதலாக இடைவெளி விடின், அது தொடக்கக் குறியாகத் திரும்பிவிடுகின்றது.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் இடர் இன்னும் கடுமையானது. பாமினி எழுத்துருவிற் காற்புள்ளியின் இடத்தில் இகரம் அமர்ந்துள்ளது. விண்டோஸ் குறியீட்டில் வளைகுறிகளுக்குரிய இடங்கள் 145 முதல் 148 வரையானவை. தமிழுக்கான தஸ்கி குறியீடு இந்நான்கையும் குறிகளுக்கே விட்டுவைத்தது. அவ்விடங்களில் ஓர் எழுத்துரு தமிழெழுத்துக்களை வைத்திருப்பின், தன்னியக்க மாற்றம் மேற்கோட்குறியை ஓர் எழுத்தாக்கிவிடும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது அவ்வெழுத்து பாடத்தின் பகுதியாகவே நிலைத்துவிடும்.

பரிகாரம் அரிதன்று. பழைய எழுத்துருவிற் பணிபுரிவோர் தன்னியக்க மாற்றத்தை முதலில் நிறுத்திவிடல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நேர்க்குறி வேண்டுமாயின், தட்டிய உடனே மீளப்பெறும் கட்டளையைக் கொடுக்க, மாற்றம் நீங்கிக் குறி எஞ்சும். கோப்பு முழுவதையும் சீராக்கத் தேடி மாற்றும் வசதி உதவும். ஆயின் அதுவும் அதே ஊக விதியையே பின்பற்றுவதால், கோடுகளை அடுத்த இடங்களைக் கண்ணாற் சரிபார்த்தல் தவிர்க்கவியலாதது. தொடக்கக் குறிகளும் முடிவுக் குறிகளும் தொகையில் ஒத்திருத்தல் ஓர் அளவுகோல் எனினும் முடிந்த சான்றன்று. பல பந்திகளுக்கு நீளும் மேற்கோளில் ஒவ்வொரு பந்தியும் தொடக்கக் குறி பெற, இறுதிப் பந்தி மட்டுமே முடிவுக்குறி பெறும் மரபு உண்டு. மூலத்தோடு ஒப்புநோக்குதலே இறுதிச் சான்று.

இது வெறும் தொழில்நுட்ப விடயம் அன்று. 1960களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைப் புனைகதையிற் புகுத்தியபோது, அது ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. அவ்விவாதத்தின் பின்னணியில், கதாசிரியர் நடை எங்கு முடிகிறது, பாத்திரத்தின் பேச்சு எங்கு தொடங்குகிறது என்பது கருத்துநிலை சார்ந்த வினாவாகும். அத்தகைய படைப்புகளின் மறுபதிப்பிற் குறிகள் இடம்பெயரின், அவ்வினாவை ஆராயும் சான்றே அழிந்துவிடுகின்றது. திறனாய்விலோ மூலாசிரியர் கருத்தும் திறனாய்வாளர் கருத்தும் தம்முள் மயங்கிவிடும். எதிர்த்து எழுதியவரே ஆதரித்தவராகக் காட்சியளிக்கவும் கூடும்.

எழுத்துக்கோத்தலையும் தட்டச்சையும் கீழான கைத்தொழிலெனவும், ஆய்வை மேலான மூளைத்தொழிலெனவும் பிரிக்கும் நோக்கு இச்சீர்கேட்டுக்குத் துணைபோகின்றது. உழைப்பின் மாண்பைப் பேசும் ஆய்வாளர் தம் பிரதியின் குறிகளைத் தாமே சரிபார்க்கும் உழைப்பையும் ஏற்றல் வேண்டும். பிறர் சொல்லைப் பிறர் சொல்லாகவே நிறுத்துவது ஆய்வு நேர்மையின் முதற்படியாகும்.