ஸ்பேனர் யார் கையில்?

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ (1974) மெக்கானிக்கின் கைப்பக்குவத்தை நுட்பமாகப் பேசுகிறது. நட்டை எங்கே நிறுத்தவேண்டும் என்பது கைக்குத் தெரியுமாம். உண்மைதான்.

நான் அதைப் படித்தது, பழைய திருவொற்றியூர் புல்லட்டில் டேப்பட் வைக்கக் கற்ற பிறகு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்திருக்க வேண்டும். கேஜ் வேண்டாம். புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையின்றிச் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. லாக்நட்டை இறுக்கும்போது அளவு நழுவிவிடும். மறுபடி உருட்டிப் பார்க்கவேண்டும். பிடிபட எனக்குப் பல வாரங்கள் ஆயின. “விடும்மா, கை கறுத்துடும்” என்றார் பட்டறைக்காரர். (அடுப்படியில் கறுக்காத கையா?)

பிர்சிக்கின் பயணத்தில் சில்வியா கணவரின் பிஎம்டபிள்யூவில் பின்னால் உட்கார்ந்தே வருகிறாள். அவர்கள் வீட்டில் குழாய் ஒழுகுகிறது. கணவர் முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். சொட்டுச் சத்தத்தினூடே அவள் பிள்ளைகள்மேல் எரிந்துவிழ, கதைசொல்லி அதைத் தொழில்நுட்பத்தின் மீதான வெறுப்பாக வாசிக்கிறார். அவள் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கை பழகுவதற்கு முதலில் வண்டி கைக்கு வரவேண்டும். இதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வந்தது, அண்ணன் துபாய் போனதால்.