ஒரு துளி இரத்தம்: நூலாய்வு

ஜான் கேரிரூ என்னும் பத்திரிகையாளர் எழுதிய 'பேட் பிளட்' என்ற ஆங்கில நூல் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. தெரனோஸ் என்ற அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனத்தின் எழுச்சியும் வீழ்ச்சியுமே அதன் பொருள். படித்தோர் பெரும்பாலும் எலிசபெத் ஹோம்ஸ் அம்மையாரின் துணிச்சலையும் வஞ்சகத்தையும் பற்றியே பேசக் கேட்கிறோம். நூலின் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளதென்பது என் கருத்து. ஒரு தொழிற்கூடத்துள் பொறியாளரும் வேதியியலாரும் எவ்வாறு வேலை செய்தனர், அவர்கள் 'முடியாது' என்று சொன்னபோது அச்சொல்லுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை இத்துணை விரிவாக எடுத்துரைக்கும் நூல்கள் மிகச் சிலவே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஹோம்ஸ், 2003இல் தம் 19ஆம் வயதில் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். படிப்பையும் இடையிலே விட்டார். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தலாம் என்பது அவர் தந்த வாக்கு. 2014இல் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. 2015 அக்டோபரில் கேரிரூ 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் எழுதிய கட்டுரையால் உண்மை வெளிப்படத் தொடங்கியது. 2018 செப்டம்பரில் நிறுவனம் கலைக்கப்பட்டது. கதைச் சுருக்கம் இவ்வளவே.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். மயிரிழை போன்ற கால்வாய்களில் இரத்தத்தை ஓடவிடும் கருவியொன்றை முதற் குழு உருவாக்கி வந்தது. பொறியாளர்கள் இரவு பகலாக முறை வைத்து உழைக்க வேண்டுமென்று அம்மையார் விரும்பினார். ஏற்கெனவே களைத்துப்போன தம் ஆட்களை அவ்வாறு வாட்ட இயலாதெனக் குழுத் தலைவர் மறுத்தார். உடனே இரண்டாவது குழு ஒன்று அமர்த்தப்பட்டு, முதற் குழுவோடு போட்டியில் விடப்பட்டது. வேதியியலார் பொறியாளரோடு நேரே கலந்து பேசவும் தடை. சோதனை தவறினால் பிழை இரசாயனத்திலா, இயந்திரத்திலா என்று எவ்வாறு அறிவது? இரு வகுப்பாசிரியர் ஒரே மாணவனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாகாது என்று விதி செய்த பள்ளியை நான் எங்கும் கண்டதில்லை.

இரண்டாம் குழு பசை பூசும் இயந்திரக் கையொன்றை வாங்கி, மேசையருகே வேதியியலார் குழாயால் உறிஞ்சி ஊற்றுவதை அதுவே செய்யுமாறு மாற்றியமைத்தது. அதற்கு 'எடிசன்' என்று பெயர் சூட்டினர். நூலாசிரியர் இதைச் சற்று ஏளனத்தோடு கூறுகிறார். எனக்கு அது உடன்பாடன்று. எளிய கருவியைக் கொண்டு கடினமான வேலையை முடிப்பது பொறியாளனுக்குப் பெருமையே. அக்கருவி ஒரு வகைச் சோதனைகளை மட்டுமே செய்யவல்லது என்பதை மறைத்ததுதான் குற்றம்.

மறைத்ததன் விளைவு என்ன? 2013இல் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகளில் பொதுமக்களுக்குச் சோதனை தொடங்கியபோது, எடிசனால் இயலாத பலவற்றைச் சீமென்ஸ் நிறுவனம் விற்ற பெரிய இயந்திரத்திலேயே செய்தனர். அவ்வியந்திரம் சில துளிகளுக்காகப் படைக்கப்பட்டதன்று. ஆகவே துளியை நீர்மம் கலந்து பெருக்கினர். பாலில் தண்ணீர் சேர்ந்தால் ரப்பரின் விழுக்காடு குறையுமென்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை பங்கு கலந்தோமோ அத்தனை மடங்கு பெருக்கி விடை சொல்லலாமே எனக் கேட்கலாம். சொல்லலாம், ஆனால் அளக்கும் பொருள் கருவியின் எல்லைக்குக் கீழே போய்விட்டால், அளவையில் நேரும் சிறு பிழையும் அதே மடங்கு பெருகிவிடுமன்றோ! விரலைப் பிழிந்தெடுக்கும் இரத்தத்தில் இன்னொரு தொல்லை: அணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிவதால், உடம்பில் இல்லாத மிகுதி தாளில் தோன்றும்.

எரிக்கா செங் என்ற இளம்பெண் அந்தச் சோதனைக்கூடத்தில் பணியாற்றியவர். கருவியின் தரத்தைச் சரிபார்க்கும் சோதனைகள் அடிக்கடி தவறியதையும், ஒத்துவராத எண்களை நீக்கிவிட்டுத் தேர்ச்சி காட்டியதையும் அவர் கண்டார். 2021இல் நீதிமன்றத்திலும் சாட்சி கூறினார். குறைந்த மதிப்பெண் பெற்றோரின் பெயரை அடித்துவிட்டு வகுப்பின் சராசரியைக் கணக்கிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விடை பிழைத்தால் பிழைத்ததையே குறித்துவை என்று பயிற்சிக் கல்லூரியில் எமக்குச் சொல்லித் தந்தனர். இப்பகுதிகளை அறிவியலாசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

நூலில் குறைகளும் உண்டு. ஒருவர் வேலைக்கு வருகிறார், கோளாற்றைக் காண்கிறார், எடுத்துரைக்கிறார், வெளியேறுகிறார் அல்லது வெளியேற்றப்படுகிறார். அடுத்த அத்தியாயத்தில் வேறொருவர். பெயர்களை நினைவில் வைப்பதே பெரும்பாடு. உயிர் வேதியியலார் இயான் கிப்பன்ஸின் வரலாறு மட்டும் நெஞ்சை விட்டு நீங்காது. குறை சொன்னதால் நீக்கப்பட்டு, பின்பு தாழ்ந்த நிலையில் திரும்ப ஏற்கப்பட்ட அவர் 2013இல் துயர முடிவெய்தினார்.

முன்னாள் ஊழியர் 60 பேருக்கு மேல் தம்மிடம் பேசியதாக நூலாசிரியர் குறிக்கிறார். ஆயின் கடைசிவரை இருந்து, கண்டும் காணாததுபோல் கருவிகளை இயக்கியவர்களின் மனம் நமக்குக் காட்டப்படவில்லை. அவர்களெல்லாரும் தீயோரா? அச்சமா, கடனா, நாளை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையா? நூலின் முடிவில் ஹோம்ஸின் மனநோயைப் பற்றி எழும் ஐயத்தைவிட இக்கேள்வியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நூல் வெளிவந்த பின்னரே தீர்ப்புகள் வந்தன. 2022 ஜனவரியில் ஜூரிகள், முதலீட்டாளரை ஏமாற்றியது பற்றிய நான்கு குற்றங்களில் ஹோம்ஸைக் குற்றவாளி என்றனர். நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தனர். அவருடன் நிறுவனத்தை நடத்திய பல்வானியை வேறு ஜூரிகள் அதே ஆண்டு ஜூலையில், நோயாளிகளை ஏமாற்றியது உட்பட 12 குற்றங்களிலும் குற்றவாளி எனக் கண்டனர். சோதனைக்கூடம் ஒன்று, முடிவோ இரண்டு! இதை ஆராய ஒரு தனி நூல் வேண்டும்.

கேரிரூ அரிசோனா மாநிலம் சென்று மருத்துவரையும் நோயாளிகளையும் கண்டு பேசிய பகுதி நூலில் மிகச் சுருக்கம். அதை இரு மடங்கு விரித்திருக்கலாம். முன்னரே கருச்சிதைவுக்கு ஆளாகியிருந்த ஒரு தாய், தெரனோஸ் தந்த எண்ணைக் கண்டு இக்கருவும் நிலைக்காதென்று தம்மிடம் சொல்லப்பட்டதை ஹோம்ஸின் வழக்கில் சாட்சியாக உரைத்தார். அக்குழந்தை நலமாகவே பிறந்தது.