மூன்று திரை, ஒரே வெளி

மேசைக் கணினியில் இரண்டாவது மானிட்டரின் கேபிளைச் செருகியதும், எரிந்துகொண்டிருந்த முதல் திரை பெரும்பாலும் ஒரு கணம் இருண்டு மீளும். மீளும்போது இரண்டிலும் வெளிச்சம். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால், இதுவரை விளிம்பில் முட்டி நின்ற கர்சர் அடுத்த திரைக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருக்கிறது. ‘கனெக்ட் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு நாமும் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அந்த ஒரு கண இருட்டுக்குள் நடந்து முடிகிற காரியங்களை நிதானமாகப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் நமக்காக யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது தெரியும். அந்த முன்யோசனைதான் இதன் அழகு.

எச்டிஎம்ஐ கேபிளின் முனையில் 19 பின்கள் இருக்கின்றன. அவற்றில் 12 பின்கள் படத்துக்கே போய்விடுகின்றன. என் மனத்தைக் கவர்ந்தவை கடைசி இரண்டு. 18ஆவது பின் வழியாகக் கணினி 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது. மானிட்டர் அதையே 19ஆவது பின் வழியாகத் திருப்பிக் காட்டுகிறது. மறுமுனையில் ஆள் இருக்கிறது என்பதற்கு அது போதும். வேறு எதையும் புதிதாக உற்பத்தி செய்யாமல், கொடுத்ததையே திருப்பிக் கொடுத்து வருகையைச் சொல்லிவிடுகிற சிக்கனம் இது. அந்த 5 வோல்ட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மானிட்டர் அணைந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகச் சில்லு அந்த மின்சாரத்தில் விழித்துக்கொள்ளும். தன்னைப் பற்றிச் சொல்வதற்கு மானிட்டருக்குச் சொந்த மின்சாரம்கூட வேண்டாம்.

அந்தச் சில்லில் இருப்பது மானிட்டரின் ஜாதகம். இடிஐடி என்று பெயர். வெசா என்ற தரநிலை அமைப்பு 1994இல் வகுத்தது. அடிப்படைக் குறிப்பு முழுவதும் 128 பைட்டுக்குள் அடங்கிவிடும். பிறந்த வாரம், பிறந்த ஆண்டு, அகலமும் உயரமும் சென்டிமீட்டரில், சிவப்பும் பச்சையும் நீலமும் அதன் கண்ணில் எந்தச் சாயலில் இருக்கும், எந்த அளவில் படம் கொடுத்தால் அதற்கு மிகவும் பிடிக்கும் என எல்லாம் இருக்கும். ஆண்டை முழுதாக எழுதினால் இடம் வீணாகும் என்று 1990இலிருந்து எத்தனையாவது ஆண்டு என்பதை மட்டும் ஒரே பைட்டில் எழுதியிருக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று எழுத்து. எழுத்துக்கு 5 பிட் வீதம் மூன்றும் இரண்டே பைட்டில் அமர்ந்துவிடும். எல்ஜி மானிட்டர்கள் இன்றும் அந்த இடத்தில் ‘ஜிஎஸ்எம்’ என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. அந்த நிறுவனம் 1995 வரை கோல்ட்ஸ்டார் என்ற பெயரில் இருந்ததன் சுவடு அது. பெட்டியின் மேல் பெயர் மாறிவிட்டது, சில்லுக்குள் மாறவில்லை.

கடைசி பைட்டைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். அதில் தகவல் எதுவும் கிடையாது. 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதற்கு எவ்வளவு குறைகிறதோ அந்த எண்ணை அங்கே வைத்திருப்பார்கள். வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் கூட்டல் பிசகிவிடும், கணினி கண்டுகொள்ளும். மற்ற 127 பைட்டுகளும் தங்களைப் பற்றிப் பேச, கடைசி ஒன்று அத்தனைக்கும் சாட்சியாக நிற்கிறது.

அறிமுகம் முடிந்ததும் படம் ஓடத் தொடங்குகிறது. நாம் வழக்கமாகச் சொல்லும் ஃபுல் எச்டி திரை 1920 பிக்சல் அகலம், 1080 வரி உயரம். கேபிளில் போவதோ 2200 அகலம், 1125 உயரம். நொடிக்கு 60 முறை என்று பெருக்கினால் 14 கோடியே 85 லட்சம் பிக்சல். கண்ணுக்குத் தெரியாத அந்த 280 பத்திகளும் 45 வரிகளும் எதற்கு? பழைய குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வர அவகாசம் வேண்டியிருந்தது. அதற்காக ஒதுக்கிய ஓரம் அது. குழாய்த் திரை போனபின்பும் ஓரம் தங்கிவிட்டது. எச்டிஎம்ஐயை வகுத்தவர்கள் அதை வெறுமையாக விட்டுவிடாமல், ஒலியை அங்கே ஏற்றினார்கள். படத்தோடு நாம் கேட்கிற பாட்டும் பேச்சும், அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில்தான் பயணம் செய்கின்றன.

மூன்றாவது திரை சேரும்போது இன்னொரு நுட்பம் வெளிப்படும். விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ ஆகியவற்றில் ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்று ஒரு தாளம் வேண்டும். பிக்சல்கள் எந்த வேகத்தில் வர வேண்டும் என்று கணக்கிடும் கடிகாரம் அது. பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் அந்தக் கடிகாரங்கள் இரண்டே இருக்கும். கார்டின் முதுகில் போர்ட்டுகள் அதிகம் இருந்தாலும் மூன்றாவது திரை எரியாததற்குக் காரணம் இதுதான். 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் வழியை மாற்றியது. படத்தைச் சிறு பொட்டலங்களாக்கி, எல்லாத் திரைக்கும் பொதுவான நிலையான வேகத்தில் அனுப்பியது. தாளம் பொதுவாகிவிட்டதால் எண்ணிக்கைக்கு இருந்த தடை தளர்ந்தது. ஏஎம்டி 2009இல் ஐஃபினிட்டி என்ற பெயரில் ஒரே கார்டில் மூன்று திரைகளைக் கொண்டுவந்தபோது, அவற்றில் ஒன்றாவது டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்க வேண்டும் என்று சொன்னதன் பொருள் இதுவே. மறு ஆண்டே ஆறு சிறு போர்ட்டுகள் வரிசையாக அமைந்த கார்டும் வந்துவிட்டது.

கம்பிக்குள் இவ்வளவு என்றால், திரைகளைச் சேர்த்து ஒரே நிலமாக்குவது அடுத்த கலை. அதற்கு ஆரம்பம் பழையது. 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு இரண்டு வகை டிஸ்ப்ளே கார்டுகள் இருந்தன. ஒன்று ஒற்றை நிற எழுத்துக்கு, மற்றொன்று வண்ணத்துக்கு. இரண்டுக்கும் நினைவகத்தில் தனித்தனி முகவரி கொடுத்திருந்ததால், இரண்டையும் ஒரே பெட்டியில் பொருத்த முடிந்தது. லோட்டஸ் 1-2-3இல் வேலை செய்தவர்கள் கணக்கை ஒற்றை நிறத் திரையிலும் அதன் வரைபடத்தை வண்ணத் திரையிலும் வைத்துக்கொண்டார்கள். நிரலாளர்கள் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு, மறு திரையில் அதன் பிழையைத் துருவினார்கள். ஆனாலும் அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தீவுகள்தான்.

தீவுகளை ஒரே நிலமாக்கியதில் 1987இன் மேக்கின்டாஷ் 2க்குப் பெரிய பங்கு உண்டு. அதன் அமைப்புப் பலகையில் ஒவ்வொரு மானிட்டரும் ஒரு சிறு செவ்வகம். மேசையில் அவை எப்படி நிற்கின்றனவோ அப்படியே இழுத்து அடுக்கலாம். ஒரு செவ்வகத்தின் தலையில் மெல்லிய வெள்ளைப் பட்டை இருக்கும். அதுதான் மெனு பார். எந்தத் திரை முதன்மையாக வேண்டுமோ, பட்டையைப் பிடித்து அதன் தலையில் வைத்தால் போதும். ‘முதன்மைத் திரையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு வார்த்தை எழுதாமல், சுட்டுவிரல் அசைவிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். வண்ணத் திரைக்கும் கறுப்பு வெள்ளைத் திரைக்கும் நடுவே ஒரு சன்னலை நிறுத்தினால், பாதி வண்ணத்திலும் பாதி கறுப்பு வெள்ளையிலும் அது தோன்றும். தன்னால் இயன்றதைக் கொண்டு ஒவ்வொரு திரையும் ஒரே படத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியது.

விண்டோஸ் 98இல் இந்த வசதி 9 மானிட்டர் வரை வந்தது. அங்கே கணக்கு நேர்த்தியானது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். வலப்பக்கம் போகப்போக எண் ஏறும். இடப்பக்கம் 1920 அகலத்தில் ஒரு திரை வைத்தால் அது கழித்தல் 1920இல் தொடங்கும். புதிய திரை எந்தப் பக்கம் வந்து சேர்ந்தாலும், இருக்கிற திரையின் எண்கள் அசையாமல் நிற்கும். அதை முதன்மையாக எண்ணி எழுதிய பழைய மென்பொருளும் தடுமாறாது. வந்தவருக்கு இடம் கொடுப்பதற்காக இருப்பவரை எழுப்பாத ஏற்பாடு இது.

இவ்வளவு பேரும் யோசித்த பிறகு, கடைசிப் பங்கு நம்முடையது. ஒரு திரை உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் இருந்து, அமைப்புப் படத்தில் இரண்டையும் சமமாக விட்டுவிட்டால், கர்சர் கடக்கும்போது நம் கண் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வெளிப்படும். சிறிய உறுத்தல்தான், ஆனால் நாள் முழுக்க மூலத்தை ஒரு திரையிலும் மொழிபெயர்ப்பை மறு திரையிலும் வைத்து உழைப்பவரின் கண், அதை ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே புதிய மானிட்டரை இணைத்தவுடன் வேலைக்குப் பாய்ந்துவிடாதீர்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, எந்த எண் எந்தத் திரை என்று பாருங்கள். செவ்வகங்களை மேசையில் உள்ளபடியே, உயரம் உட்பட, இழுத்துப் பொருத்துங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய பிக்சல் அளவிலும் வேகத்திலும் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்தால்தான் இணைப்பு முழுமையாகும்.