காயலாங்கடைக்குப் போகிற வேகம்

ஜெர்மன் கார் பழசானால் கம்பளம் விரித்து ஏலம் விடுகிறார்கள். பிரெஞ்சு கார் பழசானால் காயலாங்கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். எண்பதுகளின் பி.எம்.டபிள்யூ எம்3-க்கு இன்று உலகம் முழுக்கக் காதலர்கள் இருக்கிறார்கள். அதே காலத்தில் பெஜோ 405 எம்.ஐ.16 என்றொரு செடான் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் அதைச் சில நூறு பவுண்டுக்கு வாங்கிவிட முடிந்தது. ரெனோ 21 டர்போ, சிட்ரோயன் பி.எக்ஸ் 16 வால்வு, ஸான்டியா ஆக்டிவா என்று எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதற்கான கார், அதற்குள் அளவுக்கு மீறிய ஓட்டம், பத்து வயது தாண்டியதும் கேட்பாரற்ற விலை. சிட்ரோயன்கள் இரண்டும் பின்கதவு மேலே திறக்கிற ஹேட்ச்பேக்தானே, செடான் பட்டியலில் எப்படி வந்தன என்று கறார்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஓட்டுகிறவருக்கு டிக்கி எப்படித் திறந்தால் என்ன?

இந்த மலிவில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் உண்டு. இந்தக் கார்களின் மேன்மை, விற்பனைத் தாளில் அச்சாகிற எதிலும் இல்லை. குதிரைத்திறன் அச்சாகும், உச்ச வேகம் அச்சாகும், சீட் தோலா துணியா என்பதும் அச்சாகும். வளைவின் நடுவில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதை யாரும் அச்சடித்ததில்லை. பிரெஞ்சு இன்ஜினீயர்கள் அந்த இடத்தில்தான் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்த உழைப்பு, விற்கும்போதும் விலையில் தெரியவில்லை.

அவர்கள் ஏன் அங்கே உழைத்தார்கள் என்று பார்த்தால், ரசனையைவிட வரிதான் பெரிய காரணம். பிரான்ஸில் ஒவ்வொரு காருக்கும் ‘வரிக் குதிரைத்திறன்’ என்றொரு கணக்கு உண்டு. 1956-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுதோறும் வரி கட்டிக் கண்ணாடியில் வில்லை ஒட்ட வேண்டியிருந்தது. இன்ஜின் பெரிதாகப் பெரிதாக அந்த வில்லையின் விலை எகிறிக்கொண்டே போகும். ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பது பணக்காரச் சபலமாகிவிட்ட நாட்டில், கம்பெனிகள் இரண்டு லிட்டருக்குள் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டன. சிறிய இன்ஜினுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் அதை மீட்டெடுக்க நேரமாகும். ஆகவே வேகத்தை விடாமல் இருப்பதுதான் வழி. ஜெர்மானியர்கள் நேர்கோட்டில் சேர்த்த வேகத்தை, பிரெஞ்சுக்காரர்கள் வளைவில் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தார்கள்.

ரோடுகளும் அதற்கேற்ற மாதிரி இருந்தன. ஆட்டோரூட் என்ற அதிவேகச் சாலை வருவதற்கு முந்தைய தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டு பக்கமும் மரம் நட்டவை, நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு, ஒட்டுப்போட்ட தார். வடக்கே போனால் கல் பாவிய தெருக்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஸ்பிரிங்கை இறுக்குவது என்ற பாடம் அங்கே செல்லாது. இறுக்கமான கார் மேட்டில் ஏறினால் எகிறும், எகிறின டயருக்குப் பிடிப்பு இல்லை, பக்கத்தில் மரம் இருக்கிறது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்க வேண்டும், சக்கரம் நிறைய மேலும் கீழும் போய்வர வேண்டும், ஆனால் கார் படகு மாதிரி ஆடவும் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்து வைக்கிற வேலை ஷாக் அப்சார்பருடையது. ஊஞ்சலை ஒருவர் தள்ளிவிட, அது திரும்பி வரும்போது இன்னொருவர் கை வைத்து அடக்குவதைப் போன்ற வேலை. எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தோடு கை வைப்பது என்பதில் இருக்கிறது விஷயம். பெரும்பாலான கம்பெனிகள் அதை வெளியே வாங்கிப் போட்டபோது, பெஜோ தன் ஷாக் அப்சார்பர்களைத் தானே செய்துகொண்டது. அந்தக் கார்களின் ஓட்டத்தில் இருந்த தனி முத்திரைக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

405 வெளிவந்தது 1987-இல். உருவம் கொடுத்தது இத்தாலியின் பினின்ஃபரினா. 1955-இன் 403 தொடங்கிப் பெஜோவோடு கைகோத்திருந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை மற்ற கார்களை வெகு பின்னால் தள்ளி 405 வாங்கியது. அதன் பக்கவாட்டுக் கோட்டை முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை கண்ணால் தடவிப் பாருங்கள். ஒரு இடத்திலும் தேவையில்லாத மடிப்பு இல்லை. எம்.ஐ.16 ரகத்தில் கீழே ஒரு பாவாடை, பின்னால் ஒரு சின்ன இறக்கை, அவ்வளவுதான் ஆடம்பரம். உள்ளே 1,905 சி.சி. கொண்ட, முழுக்க அலுமினியத்தாலான 16 வால்வு இன்ஜின், 160 குதிரைத்திறன். கார் எடையோ சுமார் 1,100 கிலோதான். இன்றைக்குச் சாதாரண ஹேட்ச்பேக்கே அதைத் தாண்டுகிறது. மணிக்கு 220 கிலோமீட்டர் வரை போனது.

அந்த இன்ஜின் கீழே சுமாராகத்தான் இழுக்கும். ஆர்.பி.எம் முள் பாதியைத் தாண்டிய பிறகு தொண்டை திறந்து பாட ஆரம்பிக்கும். 1992-க்குப் பிறகு வந்த இரண்டு லிட்டர் இன்ஜின் இரும்பு பிளாக் கொண்டது, புகைச் சட்டத்துக்கு அடங்கியது, நல்ல பிள்ளை. ரசிகர்கள் முதலாவதைத்தான் தேடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் எம்.ஐ.16-இன் நிஜமான சுகம் பின் அச்சில் இருக்கிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் பின்பக்கம் கொஞ்சம் வெளியே நகர்ந்து, மூக்கை உள்ளே திருப்பித் தரும். ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்க வேண்டாம், வலது காலாலேயே காரைத் திருப்பலாம். காலைப் பட்டென்று எடுத்தால் வேறு விளைவு, ஈர ரோட்டில் அதைச் சோதித்தவர்கள் வேலியோரம் நின்று யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பின் அச்சுதான் வயதானபின் முதலில் நோகிற இடமும். குறுக்கே முறுக்குக் கம்பிகள், அவற்றைச் சுற்றி ஆடும் கைகள், கைகளுக்குள் நீடில் பேரிங்குகள். தண்ணீர் புகுந்து பேரிங் தேய்ந்தால் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, முட்டி தட்டுகிற குழந்தையைப் போல நிற்கும். பழைய பெஜோவைப் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் திறப்பதற்கு முன் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பது இதற்காகத்தான்.

405 என்ற பெயருக்கு ஊர் ஊராகப் புகழ் வாங்கிக் கொடுத்தது பந்தயம். 1989 பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் பெஜோவின் இரண்டு ஓட்டுநர்கள், ஆரி வாட்டனனும் ஜாக்கி இக்ஸும், ஒருவரையொருவர் விரட்டிப் பாலைவனத்தில் காரை உடைத்துவிடுவார்களோ என்று பயந்து, அணித் தலைவர் ஜான் டோட் நாணயம் சுண்டி வெற்றியை முடிவு செய்தார். பூ விழுந்ததோ தலை விழுந்ததோ, வாட்டனன் ஜெயித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், கண் கூசும் வெயிலை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் வாட்டனன் காரை ஓட்டும் காட்சியைப் படமாகப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பந்தயத்தில் ஓடிய அந்த 405 டர்போ 16-க்கும் கடையில் விற்ற 405-க்கும் உருவச் சாயலைத் தவிர உறவு கிடையாது. அதில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. பெஜோ அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எந்தக் கம்பெனிதான் சொல்லும்?

ரெனோ 21 டர்போவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு லிட்டர், 175 குதிரைத்திறன், மணிக்கு 227 கிலோமீட்டர். பிரெஞ்சு ஜாந்தார்ம் போலீஸ்காரர்கள் வேகக்காரர்களைத் துரத்த இதைத்தான் வைத்திருந்தார்கள். 1988-இல் ஜான் ரன்யோத்தி இதை ஓட்டி பிரெஞ்சு டூரிங் கார் பட்டத்தை வென்றார். டர்போ ஒரு மூச்சு யோசித்துவிட்டு உதைக்கும், அந்த உதையில் ஒரு முரட்டு வசீகரம் உண்டு. ஆனால் 405-இன் நாசூக்கு அதற்குக் கிடையாது.

ஸான்டியா ஆக்டிவாவிடம் வந்தால் பேச்சு வேறு. சிட்ரோயன் நிறுவனம் தன் பெரிய கார்களில் ஸ்பிரிங்கை நம்புவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பால் மாஜேஸ் என்ற மனிதரின் மூளையில் உதித்த சஸ்பென்ஷன் அவர்களுடையது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை, அதற்குள் நடுவில் ஒரு ரப்பர் சவ்வு, மேலே நைட்ரஜன் வாயு, கீழே பம்ப் அழுத்தித் தருகிற திரவம். வாயுதான் ஸ்பிரிங். 1954-இல் டிராக்ஷன் அவான் காரின் பின்சக்கரங்களில் முதலில் பார்த்தார்கள், அடுத்த ஆண்டு டி.எஸ். காரின் நான்கு சக்கரங்களிலும். எல்.எச்.எம் என்ற பச்சைத் திரவம் அறுபதுகளில் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு தொல்லை. மெத்தென்ற கார் வளைவில் சாயும். தொண்ணூறுகளின் நடுவில் ஆக்டிவாவைக் கொண்டுவந்தபோது, சாய்வை எதிர்க்க இன்னும் இரண்டு உருண்டைகளையும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்களையும் சேர்த்தார்கள். அக்யுமுலேட்டர் போன்ற துணை உருண்டைகளையும் சேர்த்தால் மொத்தம் பத்து. கார் அரை டிகிரி சாய்வதற்குள் சிலிண்டர்கள் எதிர்ப்பக்கம் தள்ளி அதை நிமிர்த்திவிடும். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது விநோதமாக இருக்கும். உடம்பு ஒரு பக்கம் போகிறது, பாட்டில் உருள்கிறது, அடிவானம் மட்டும் கோடு போட்ட மாதிரி அசையாமல் நிற்கிறது. மற்ற கார்கள் சாய்ந்து சாய்ந்து ‘போதும்’ என்று எச்சரிக்கும். ஆக்டிவா அப்படி எதையும் சொல்லாது. அது ஒரு குறை என்று சொல்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன், ஆனால் இந்தக் குறைக்காக ஒரு காரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்வீடனில் டெக்னிகென்ஸ் வார்ல்ட் என்ற பத்திரிகை, ரோட்டில் திடீரென்று காட்டுமான் வந்தால் கார் தப்புமா என்று கூம்புகளை வைத்துச் சோதித்துப் பார்க்கும். மெர்சிடஸ் ஏ-கிளாஸ் 1997-இல் கவிழ்ந்தது இந்த மாதிரிச் சோதனையில்தான். 1999-இல் ஆறு சிலிண்டர் ஆக்டிவா அதை 85 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. பல ஆண்டுகள் கழித்து வந்த மக்லாரன் 675எல்டி நின்றது 83-இல்.

இவ்வளவும் இருந்தும் ஏன் மலிவு? மெக்கானிக்குகளின் பயம் ஒரு காரணம். அந்த உருண்டைகளைப் பார்த்ததும் பாதிப் பேர் ‘நம்ம கடையில் முடியாது சார்’ என்பார்கள். உண்மையில், அழுத்தத்தை இறக்கிவிட்டால் உருண்டை ஆயில் ஃபில்டரைப் போலத் திருகிக் கழற்றக்கூடிய சாமான், சாதாரண ஷாக் அப்சார்பர் மாற்றுவதைவிடச் சுலபம். மின்சார இணைப்புகள் நம்ப முடியாதவை என்ற பெயரும் உண்டு, சிட்ரோயன் எக்ஸ்.எம் அதை நன்றாகவே சம்பாதித்தது. டேஷ்போர்டு பிளாஸ்டிக் கிறீச்சிடும். கம்பெனி வேலைக்காரர்களுக்குக் கொடுத்த டீசல் கார் என்ற அடையாளம் வேகமான ரகங்களின் தலையிலும் விழுந்தது.

பெரிய கொலையாளி அரசாங்கம்தான். 1994-இல் பிரெஞ்சு அரசு பத்து வயதுக் காரை ஒழித்துப் புதியது வாங்கினால் 5,000 பிராங்க் கொடுத்தது. பழைய சிட்ரோயன் சி.எக்ஸ், பெஜோ 505 எல்லாம் அதில் போயின. 2009-இல் பிரான்ஸில் 1,000 யூரோ, இங்கிலாந்தில் 2,000 பவுண்டு. அப்போது ஒரு நல்ல எம்.ஐ.16-ஐ விற்றால் கிடைப்பதைவிட நசுக்கக் கொடுத்தால் கிடைப்பது அதிகம். தப்பியவற்றுக்கு வேறு வழியில் ஆபத்து வந்தது. எல்லோரும் கொண்டாடும் பெஜோ 205 ஜி.டி.ஐ-க்குள் இந்த 16 வால்வு இன்ஜின் அழகாக உட்காரும் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். சின்னதற்கு இதயம் வேண்டும் என்பதற்காக எத்தனையோ 405-களையும் பி.எக்ஸ்-களையும் அறுத்தார்கள். குறுகிய கார் பிரபலம், நீண்ட கார் கசாப்புக்கு. ஈரானில் மட்டும் 405 சாகவில்லை. 2020 வாக்கில்கூட அங்கே புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள், 16 வால்வு கௌரவம் ஏதுமில்லாத எளிய ரகமாக. இப்போது திருவள்ளூரில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன, அவற்றில் உருண்டைகள் கிடையாது. உலகத்தில் எங்குமே கிடையாது. வாயுவும் திரவமும் சேர்ந்து தாங்கிய கடைசி சிட்ரோயன், சி5, 2017-இல் நின்றுபோனது.

இப்போது எதை வாங்கலாம் என்று கேட்டால், எம்.ஐ.16-க்குக் காலம் கடந்துவிட்டது. எஞ்சியவை குறைவு, விலை ஏறுகிறது, விற்கிறவர்கள் ‘கிளாசிக்’ என்று எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆக்டிவாவைத் தேடுங்கள், பயம் இன்னும் அதன் விலையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு சிலிண்டர் இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தது, ஆகவே இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 150 குதிரைத்திறன் டர்போதான், அதுவே தாராளம். பார்க்கப் போனால் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து காதைக் கொடுங்கள். அழுத்தம் குறையும்போதெல்லாம் ரெகுலேட்டர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் பேரம் பேசலாம். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை கேட்டால் அக்யுமுலேட்டர் உருண்டை செத்துவிட்டது என்று அர்த்தம். அதைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டு, பிறகு அந்தக் காரையே வாங்குங்கள். உருண்டையை மாற்றுவது அரைமணி நேர வேலை.