புல்லுக்கு மார்க் போடுவது யார்?

தழைச்சத்தை வீணாக்காத தீவனப் புல் என்று யார் எழுத ஆரம்பித்தாலும் பிராக்கியேரியா ஹியூமிடிகோலாவில் வந்து நிற்பார்கள். ஆப்பிரிக்கப் புல், தென் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் பரவியது. நம்ம ஊர் எருமைப்புல்லுக்குச் சொந்தம். அதன் புகழுக்குக் காரணம், ஜப்பானின் ஜிர்காஸ் நிறுவனத்தில் இருந்த சுப்பாராவும் கொலம்பியாவின் சியாட் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை.

யூரியாவோ மாட்டு மூத்திரமோ மண்ணில் அம்மோனியமாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. மழையோடு கீழே இறங்கிவிடும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகி மேலே போகும், அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிப்பது. இந்தப் புல்லின் வேர், பிராக்கியாலாக்டோன் என்ற பொருளைச் சுரந்து அந்த பாக்டீரியாக்களை முடக்குகிறது. பால்மிராவில் 3 வருட வயல் சோதனையில் அம்மோனியம் மாறும் வேகம் 90% குறைந்தது.

வேதியியலில் எனக்குச் சண்டை இல்லை. இதை அப்படியே இனவிருத்தியின் இலக்காக்கும்போதுதான் இடிக்குது.

தேர்வு எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஒளிரும்படி மரபணு மாற்றிய நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியாவோடு வேர்ச்சுரப்பைக் கலப்பார்கள். வெளிச்சம் எவ்வளவு மங்குதோ அவ்வளவு மார்க். அழகான முறைதான். ஆனால் வேர்ப்பக்கம் அம்மோனியம் இருந்தால்தான் செடி இதை நன்றாகச் சுரக்கும். கொலம்பியச் சமவெளி மேய்ச்சல்களில் பெரும்பாலும் உரமே போடுவதில்லை. அங்கே காப்பாற்ற எவ்வளவு தழைச்சத்து இருக்கப்போகிறது? மூத்திரம் விழுந்த திட்டுகள் விதிவிலக்கு. அங்கே நைட்ரஸ் ஆக்சைடு குறைந்ததை 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. அதே வருடம் இன்னொன்று: இந்த மேய்ச்சலை உழுது மக்காச்சோளம் போட்டபோது விளைச்சலில் பலன் தெரிந்தது. இந்தப் புல்லுக்கான வலுவான வாதம் இதுதான் என்பேன். ஆனால் மாடு மட்டும் வளர்ப்பவர் மக்காச்சோளம் போடுவதில்லையே.

அவருக்கு மாட்டின் எடைதான் காசு. ஹியூமிடிகோலாவில் புரதம் குறைவு, செரிமானமும் சுமார். மூத்திரத் திட்டு ஆய்வில் தடுப்புத்திறன் குறைந்த புல்லாக வைத்து ஒப்பிட்டது எதை தெரியுமா? முலாட்டோ, அதாவது நல்ல தீவனம் என்று பெயரெடுத்த கலப்பினம். விதைக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், லாபம் காற்றுக்கும் ஆற்றுக்கும். இதைச் 'சிக்கனம்' என்று அவரிடம் எப்படி விற்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் புல் வகைகள் பெரும்பாலும் கருவுறாமலே விதை வைக்கும். பிள்ளை தாயின் அச்சு. பாலினப் பெருக்கம் செய்யும் செடியைத் தேடிப் பிடித்துத்தான் கலப்பு செய்ய முடியும், ஒவ்வொரு சுற்றுக்கும் வருடக்கணக்கில் ஆகும். அதனால் எந்தக் குணத்தை முதலில் வடிகட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. புரதத்தை முதல் சல்லடையிலேயே பார்க்கலாம். காய்ந்த இலையை அரைத்து அகச்சிவப்புக் கருவியில் வைத்தால் போதும், வேர்ச்சுரப்புச் சோதனையைவிட வேகம், செலவும் கம்மி.